ஊக்கு பாவிக்காதே

1

லீட்ஸில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு வருடத்துக்கு ஒருமுறை ஆள் வந்து சுவர்களைப் பார்த்துவிட்டுப் போவார். வீடு எங்களுடையது இல்லை, வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியுடையது. ஈரம் ஏறியிருக்கிறதா, புகை மணி வேலை செய்கிறதா, ஜன்னல் ஒழுங்காகப் பூட்டுகிறதா என்று பார்த்து, கையில் இருக்கும் திரையில் தட்டிக்கொண்டு போய்விடுவார். இலங்கை மலைநாட்டுக் கலஹாவில் நான் சிறுமியாக இருந்தபோது தேயிலைத் தோட்டத்துத் துரை நாங்கள் இருந்த வரிசை வீட்டை, லயத்தை, பார்க்க வருகிறார் என்றால், அம்மா வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, எங்கள் தலையையும் வாரிவிடுவார். பத்தொன்பது வருடமாக இங்கே நானும் அதையேதான் செய்கிறேன். தண்ணீர் மட்டும் தெளிப்பதில்லை.

இந்த முறை வந்தது ஒரு இளம்பெண். சப்பாத்துக்கு மேலே நீல உறை மாட்டிக்கொண்டு வந்தாள். குசினியைப் பார்த்தாள், குளியலறையைப் பார்த்தாள், முன் அறைக்கு வந்ததும் நின்றுவிட்டாள். அங்கே ஒரு சுவர் முழுக்க, தரையிலிருந்து என் தலைக்கு மேல் வரை, பெட்டிகள். பால் போத்தல் வருகிற பிளாஸ்டிக் பெட்டிகள், பாண் தட்டுகள், உடைந்த மேசையின் இழுப்பறைகள். எல்லாம் ஒன்றோடு ஒன்று கட்டி, எல்லாவற்றுக்குள்ளும் சாமான்.

"வீடு மாறப்போகிறீர்களா?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

"நொட் யெட்" என்றேன், சிரித்த முகமாக.

இதை வாசிக்கும் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. நம் பக்கத்தில் வெறும் 'இல்லை' என்பது முகத்தில் அடிக்கிற சொல். சாப்பிட்டாச்சா? இன்னும் இல்ல. மகளுக்குச் சம்பந்தம் ஏதும் சரிவந்துச்சா? இன்னும் இல்ல. எழுபது வயதுக்காரரிடம் சீனி வியாதி இருக்கிறதா என்று கேட்டாலும் இன்னும் இல்ல. நடக்கவே நடக்காது என்று இரண்டு பேருக்கும் தெரிந்த காரியத்துக்குக்கூட அதுதான் பதில். மனம் நோகாமல் கதவைச் சாத்துகிற வழி. அந்தச் சொல்லை நான் அப்படியே இங்கிலீஷுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். நான் சொன்னது 'இல்லை'. அவள் கேட்டது 'கொஞ்ச நாளில்'.

மூன்று கிழமை கழித்துக் கடிதம் வந்தது. தாங்கள் வீட்டைக் காலிசெய்ய உத்தேசித்திருப்பதாக அறிகிறோம், திகதியை அறியத் தரவும். கடிதத்தை முதலில் உடைத்து வாசித்தது ஆரணி. எங்கள் மகள். வயது பதினொன்று. எட்டு வயதிலிருந்து வீட்டுக்கு வரும் கடிதமெல்லாம் அவள் கைக்குத்தான் முதலில் போகும், ஏனென்றால் எங்கள் மூன்று பேரில் அவளுக்குத்தான் இந்த நாட்டின் நீண்ட வாக்கியங்கள் முதல் வாசிப்பிலேயே புரியும். வாசித்தாள், மடித்தாள், மேசையில் வைத்தாள். நானும் என் கணவரும் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தோம். 'நொட் யெட்' கதையை நான் நடித்துக் காட்டினேன். ஆரணி சிரிக்கவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

2

அது பெட்டிக் குவியல் இல்லை, அலுமாரி. இதற்காக யாரோடும் சண்டை பிடிக்க நான் தயார்.

தெருமுனையில் கடை வைத்திருந்த பஞ்சாபிக்காரர் கடையை மூடுகிறபோது, "எடுத்துக்கொண்டு போ, தங்கச்சி" என்கிற மாதிரி ஏதோ சொல்லித் தந்தவை அந்தப் பால் பெட்டிகள். பதினாறு. பாண் தட்டு நாலு. இழுப்பறையைக் குத்தாக நிறுத்தினால் புத்தகத்துக்கு அளவாக இருக்கும். ஒரு மடிப்பு ஏணியும் உண்டு. அதை விரித்து வைத்துப் படிகளில் பலகை போட்டால் பூச்சாடிக்கும் சாமிப் படத்துக்கும் இடம். மேல் படியில் பிள்ளையார், நடுவில் மணிக்கூடு, கீழே வை-ஃபை பெட்டி. மூன்றும் ஒற்றுமையாக இருக்கின்றன.

கட்டுகிற முறை சுலபம். பாரமானது அடியில். பெட்டியின் வாய் வெளியே பார்க்க வேண்டும். பக்கத்துப் பெட்டியோடு நாலு மூலையிலும் கேபிள் டை என்கிற பிளாஸ்டிக் பட்டி போட்டு இறுக்க வேண்டும். மேலே இருக்கிறதை எடுத்துக் கீழே வைக்கலாம், நாலு வரிசையை இரண்டாக்கலாம், ஒரு அறையில் இருந்ததை இன்னொரு அறைக்கு மாற்றலாம். ஒரே ஒரு சட்டம்: எந்தப் பெட்டியும் சாமானோடு சேர்த்து ஒரு ஆள் தூக்குகிற பாரத்துக்கு மேல் போகக் கூடாது. சுவரில் ஆணி கிடையாது. பத்தொன்பது வருடத்தில் ஓர் ஆணிகூட நாங்கள் அடிக்கவில்லை. எங்கள் கலியாணப் படம் பால் பெட்டி மேல் சாய்ந்துகொண்டுதான் நிற்கிறது.

எனக்கு ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளாது. ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை முடிந்து வந்தால் கொஞ்சம் உட்கார வேண்டியதுதானே? உட்கார மாட்டேன். கத்தரிக்கோலால் கேபிள் டைகளை வெட்டி, பெட்டிகளை இறக்கி, வேறு மாதிரி அடுக்குவேன். ஊரில் மழை என்று செய்தி வந்தால் ஒருமுறை. ஆரணி என்னோடு இங்கிலீஷில் மட்டும் பேசிய நாளில் ஒருமுறை. ஒன்றுமே நடக்காத கிழமைகளில் இரண்டுமுறை.

என் கணவர் ரவி யாழ்ப்பாணத்துக்காரர். கண்டியில் வங்கியில் வேலை பார்த்தபோது, நான் நின்ற மருந்துக்கடைக்கு இருமல் மருந்து வாங்க வந்து என்னைப் பிடித்தவர். அந்த இருமல் இன்னும் மாறவில்லை.

"உமக்கு மனம் சரியில்லையெண்டா அலுமாரி நடக்கத் தொடங்கியிடும்" என்பார். "இண்டைக்கு எந்தப் பக்கம் போகுது?"

ஒருநாள் சுவர் துளைக்கிற ட்ரில் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். "ரெண்டு மணித்தியாலத்தில ஒழுங்கான தட்டு அடிச்சுத் தருவன். ஆக்கள் வந்தா ஏறெடுத்துப் பாக்கலாம். இது சந்தைக்கடை மாதிரிக் கிடக்கு."

"வாடகை வீட்டுச் சுவத்துல ஓட்டை போட்டா அவங்க கேப்பாங்க" என்றேன்.

"கேட்டுப் பாத்தனீரோ?"

கேட்டுப் பார்க்கவில்லை. ட்ரில்லை அதன் பெட்டியோடு அடிவரிசையில் இரண்டாவது பால் பெட்டிக்குள் வைத்தேன். ஏழு வருடமாக அது அங்கேதான் இருந்தது.

3

அப்பா எங்கள் தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்தார். ஸ்டோர் என்றால் தேயிலை ஃபெக்டரி. அந்தக் காலத்தில் தூளை மெல்லிய பலகைப் பெட்டிகளில்தான் அடைத்துக் கப்பலுக்கு அனுப்புவார்கள். உள்ளே ஈயத்தாள், விளிம்பில் தகரப் பட்டி. மூலை நசுங்கிய பெட்டி கழிவுக்குப் போகும். ஸ்டோருக்குப் பொறுப்பான டீ மேக்கர் ஐயாவிடம் சொல்லிவிட்டு அப்பா அதில் ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு வருவார். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது எங்கள் லயத்து அறையில் அப்படி ஒன்பது பெட்டிகள். மூன்று மூன்றாக மூன்று அடுக்கு, வாய் வெளியே, கம்பியால் கட்டியது. ஈயத்தாளுக்குள் என் வெள்ளைச் சட்டை மடங்கிக் கிடக்கும். எங்கள் வகுப்பில் என்னை மோப்பம் பிடித்தே கண்டுபிடிக்கலாம், அவ்வளவு தேயிலை மணம்.

நான் இங்கிலீஷ் எழுத்துப் படித்ததும் அந்தப் பெட்டிகளில்தான். தோட்டத்துப் பெயர், தூளின் தரம், நிறை. ஒரு பெட்டியின் பக்கவாட்டில் மட்டும் கறுப்பு மையில் மூன்று தனிச் சொல். யூஸ் நோ ஹுக்ஸ். நாலாம் வகுப்பில் எனக்குப் பரிசாக ஒரு சின்ன அகராதி கிடைத்தது. யூஸ் என்றால் பாவி, அதாவது உபயோகி. நோ எனக்கே தெரியும். ஹுக் என்பதற்கு அகராதியைத் திறக்கவே இல்லை. அது ஊக்குத்தானே!

"ஊக்கு பாவிக்காதே" என்று வீட்டில் உரக்க மொழிபெயர்த்தேன்.

அம்மா தாலிக்கொடியில் கோத்து வைத்திருந்த நாலைந்து ஊக்குகளைச் சட்டென்று கையால் பொத்திக்கொண்டார். "இது என்னாடி அநியாயம்? வெள்ளக்காரனுக்கு என் ஊக்கு என்னா பண்ணுச்சு?"

அப்பா பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். "அந்த ஊக்கு இல்ல. ஆணி, கொக்கி, அந்த மாதிரி. இந்தப் பொட்டி இருக்கிற வீட்டுச் செவுத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கான். அடிச்சா பொட்டிக்கு ஆகாது."

அன்றிலிருந்து அது வீட்டுச் சட்டம். கலண்டர் பெட்டி மேல் சாய்ந்து நின்றது. சாமிப் படமும் பெட்டி மேல்தான். தம்பி சிவா ஒருமுறை தன் கிரிக்கெட் மட்டையைத் தொங்கவிட ஆணி தேடியபோது, நானே அவனைக் கூட்டிக்கொண்டு போய் அந்த எழுத்தைக் காட்டினேன்.

நான் ஏழாம் வகுப்பில் இருந்த வருடம், மூன்று நாள் விடாமல் பெய்த மழைக்குப் பிறகு ஒரு மத்தியானம், கிராம சேவகர் குடையோடு ஓடி வந்தார். லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருக்கிறது, எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்றார். அப்பா கம்பிகளை முறுக்கி அறுத்தார். பெட்டிகளை வாய் மேலே பார்க்கத் திருப்பி, மேலே பெட்டிக்கொரு சாக்கைப் போட்டார். எதையும் எடுத்து அடுக்க வேண்டியிருக்கவில்லை, அலுமாரியே மூட்டையாகிவிட்டது. ஆளுக்கொன்றாகத் தலையில் தூக்கி மூன்று நடை போனோம். ஒரு மணித்தியாலத்துக்குள் எங்கள் வீடு மூன்றாம் வகுப்பு அறையில் அப்படியே எழுந்து நின்றது. பக்கத்துக் காம்பிராவில், அடுத்த அறையில், இருந்தவர்கள் அப்போதுதான் கண்ணாடி வைத்த அலுமாரி ஒன்றை அறைக்குள்ளேயே செய்து நிறுத்தியிருந்தார்கள். அது வாசலுக்குள்ளால் வரவே இல்லை. நாலு ஆண்கள் அதைப் பிடித்துக்கொண்டு மழையில் கத்திக்கொண்டு நின்றார்கள்.

மண் சரியவில்லை. பன்னிரண்டு நாளில் எல்லோரும் திரும்பி வந்தோம். ஆனால் எனக்குள் ஏதோ அன்றைக்கே முடிவாகிவிட்டது. ஒரு மணித்தியாலத்தில் கிளம்ப முடியாத வீட்டில் எனக்கு மூச்சு முட்டும். கண்டியில் மருந்துக்கடை வேலைக்கு வந்து வாடகை அறையில் இருந்தபோது, எதிரே பழக்கடை வைத்திருந்த, திகன ஊர்க்காரரான முஸ்லிம் நானாவிடம் அப்பிள் பெட்டிகள் வாங்கி அடுக்கினேன். "கட்டில் அலுமாரி வாங்கிற நேரத்துல இந்தப் புள்ள பொட்டி பொறுக்குது" என்று அவர் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். லீட்ஸுக்கு வந்த முதல் கிழமையே நான் தெருவில் பெட்டி தேடத் தொடங்கிவிட்டேன்.

4

காலிசெய்யும் கடிதம் வந்த அதே கிழமையில் ஊரிலிருந்து தம்பி சிவா ஃபோனில் கூப்பிட்டான். இப்போது கம்பளையில் மின்சார வேலை செய்கிறான். கலஹாவில் எங்களுக்கென்று ஒரு துண்டுக் காணி கிடைத்து, அதில் வீடு கட்டுகிறான். அம்மா இப்போது உயிரோடு இல்லை. அப்பா அவனோடுதான் இருக்கிறார். லயத்தை விட்டு வந்து, கட்டி முடிந்த ஒரு பக்கத்தில் அப்பாவும் சிவாவின் குடும்பமும் இருக்கிறார்கள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். பின்னால ஒரு ரூம் உங்களுக்குன்னு விட்டிருக்கேன். பாஸ் கேக்கிறாரு, செவுத்தோட சேர்த்து கொங்கிரீட் தட்டு போடவான்னு. பூசுறதுக்கு முந்திச் சொல்லணுமாம். பூசிட்டா பெறகு ஒடைக்கத்தான் வேணும்."

பாஸ் என்றால் மேசன். ஹிந்தகலையில் இருந்து வருகிற சிங்கள மனிதர், அவசரப்படுத்துகிறவர்.

"கொங்கிரீட் தட்டு எதுக்கு, பெட்டி வைக்கலாமே" என்றேன்.

"வெளையாடாதீங்கக்கா. அது தட்டுப் பிரச்சன இல்ல. நீங்க வந்து இருப்பீங்களா மாட்டீங்களா? வரலைன்னா அந்த எடத்த நடு ஹோலோட சேர்த்துப் பெரிய அறையாக்கிருவேன். எனக்குக் கோவமே இல்ல. சொன்னாப் போதும்."

"இப்பவேவா?"

"பத்தொன்பது வருசமா கேக்கிறேன். இப்பவேவான்னு கேக்கிறீங்க!"

வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றேன். அன்று அலுமாரியை இரண்டுமுறை பிரித்தேன். ரவி கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"செல்வி, உமக்கு எந்த வீட்டில இருக்க விருப்பம்? இங்கயோ அங்கயோ?"

"ரெண்டுலயும் இருக்கலாமே."

"இருக்கிறீர் இல்லையே. ரெண்டிலயும் பெட்டி கட்டிக்கொண்டெல்லோ நிக்கிறீர்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உண்மையைச் சொன்னால் அப்படித்தான் வரும்.

5

வியாழக்கிழமை ஆரணியின் அறைக்குத் துணி வைக்கப் போனேன். அவளுடைய அலுமாரி ஆறு பால் பெட்டி. மேல் வரிசையில் ஒன்று இல்லை. வெட்டிய கேபிள் டைகள் தரையில் கிடந்தன. பெட்டி கதவுக்குப் பக்கத்தில் இருந்தது, வாய் மேலே பார்க்க, அதன் மேல் ஒரு துவாய்.

துவாயை எடுத்தேன். நீச்சல் சான்றிதழ். இரண்டு புத்தகம். சிநேகிதி பின்னிக்கொடுத்த கைப்பட்டி. நத்தை ஓடு. இரண்டு மாற்று உடுப்பு. உறை பிரிக்காத புதுப் பல் தூரிகை. அவள் நாலு வயதிலிருந்து கட்டிப்பிடித்துத் தூங்குகிற துணி யானை மட்டும் அதில் இல்லை. அது கட்டிலில் இருந்தது.

ஆரணி பள்ளிக்கூடத்தால் வந்து வாசலில் நின்றாள். அவளுடைய தமிழ் ரவியின் யாழ்ப்பாணத் தமிழ், நடுவில் இங்கிலீஷ் ஓட்டைகளோடு.

"என்ன இது?" என்றேன்.

"என்ட பெட்டி."

"ஏன் கழட்டுன?"

"கடிதம் வந்ததுதானே. நாங்க போறம்தானே." அவள் அழவில்லை. பஸ் நேரம் சொல்வது மாதிரிச் சொன்னாள். "ஒரு ஆள் தூக்கக்கூடியதுதான் கொண்டுபோகலாம் எண்டு நீங்கதானே சொன்னனீங்க. நான் தூக்கிப் பாத்தன். தூக்கலாம். யானையோட எண்டா ஏலாது, அது பெரிசு."

"நாம எங்கயும் போகல, கண்ணு. அந்தக் கடிதம் பிழையா வந்தது."

"நீங்க நொட் யெட் எண்டு சொன்னனீங்க."

"அது சும்மா சொல்றது. இல்லைங்கிறதுக்குப் பதிலா."

"அப்ப இல்லை எண்டு ஏன் சொல்லேல்ல?"

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். அவள் தொடர்ந்து பேசினாள், பாதிக்கு மேல் இங்கிலீஷில். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் இந்த முறை போகிறோம் என்று நினைத்துக்கொள்வாளாம். அதனால்தான் பள்ளிக்கூடப் பாட்டுக் குழுவில் சேரவில்லையாம், பாதியில் விட்டுவிட்டுப் போனால் அவர்களுக்குக் கஷ்டம் என்று. சிநேகிதிகளின் அறையில் சுவரெல்லாம் படம். இவள் கேட்கவே இல்லை, எங்கள் வீட்டில் அப்படிச் செய்வதில்லை என்று அவளுக்குத் தெரியும். இதையெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அலுமாரியைப் பார்த்தே கற்றிருக்கிறாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. மண் வெடிக்காத ஊரில், மழை பெய்யாத ஒரு நாளில், என் பிள்ளை தன் வீட்டைக் கட்டிக் கதவடியில் வைத்திருக்கிறாள், யானையை விட்டுவிட்டு.

6

வெள்ளிக்கிழமை நான் கூப்பிடும் முன்பு சிவா கூப்பிட்டான், படம் தெரிகிற அழைப்பு.

"அக்கா, மொதல்ல அப்பாவுக்குப் புத்தி சொல்லுங்க. பூசி முடிச்ச செவுத்துல எல்லாம் ஆணி அடிச்சுக்கிட்டிருக்காரு. பாஸ் தலையில கைய வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்காரு."

ஃபோனைத் திருப்பிக் காட்டினான். சாம்பல் நிறச் சுவர், இன்னும் வர்ணம் பூசாதது. அதில் ஆணிகள். ஜன்னலுக்கு மேலே, கதவுக்குப் பக்கத்தில், மூலையில், ஒரு ஒழுங்கும் இல்லாமல். எந்த ஆணியிலும் எதுவும் தொங்கவில்லை. அப்பா ஒரு கதிரையைப் பிடித்துக்கொண்டு சுத்தியலோடு நின்றார். எழுபத்தாறு வயது. பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"என்னப்பா தொங்கவிடப் போறீங்க?"

"பாப்போம். பெறகு யோசிச்சுக்கலாம்."

"பொட்டி வச்சிருக்கிற வீட்டுல ஊக்கு பாவிக்கக் கூடாதுன்னு சொன்னது நீங்கதானே?"

அப்பா சுத்தியலைக் கதிரையில் வைத்தார். "அது செவுத்துக்கு எழுதுனது இல்லம்மா. கப்பலுக்கு ஏத்துறவன் கொக்கி போட்டு இழுத்தா பொட்டி ஓட்டையாயிரும், தூளு கொட்டும். அதுக்கு எழுதுனது. டீ மேக்கர் ஐயா அப்பவே சொல்லிட்டாரு."

"தெரியுமா? தெரிஞ்சுமா எங்ககிட்ட அப்படிச் சொன்னீங்க?"

"வேற என்னா சொல்லச் சொல்ற? அந்தக் கல்லுச் செவுத்துல ஆணி அடிச்சா மண்ணு பேந்து வரும். பெறகு தொரைக்கு நான் பதில் சொல்லணும். இது நம்ம வீடு இல்ல, கம்பெனி வீடுன்னு சின்னப் புள்ளைங்ககிட்ட எந்த வாயால சொல்றது? பழிய பொட்டி மேல போட்டுட்டேன். நீங்களும் நம்பிட்டீங்க, நல்லா வெளையாடிக்கிட்டு இருந்தீங்க."

அந்த லயத்து அறை எங்கள் வீடு இல்லை என்பது எனக்குப் பதினைந்து வயது வரைக்கும் தெரியாது. அவ்வளவு காலம் அப்பா மூன்று இங்கிலீஷ் சொல்லை வைத்து அதை எங்களிடமிருந்து மறைத்திருக்கிறார். நான் ஒரு சொல்லும் சொல்லாமலே என் மகளுக்கு அதைத் தெரியவைத்துவிட்டேன். ஊரிலிருந்து பெட்டியைக் கொண்டு வந்த எனக்கு, அந்தப் பொய்யைக் கொண்டுவரத் தெரியவில்லை.

"சிவா" என்றேன். "ரூம் வேணாம். தட்டும் வேணாம். ஹோலோட சேத்திரு."

"இன்னும் கொஞ்சம் யோசிச்சு..."

"இல்ல" என்றேன். அந்தச் சொல்லை அப்படி மொட்டையாக நான் அவனிடம் சொன்னதே இல்லை. அவன் முகம் ஒரு கணம் சுருங்கியது. எனக்கும் வலித்தது. வாயை விட்டு வந்த பிறகுதான் அந்த அறையில் எத்தனை வருடம் மனத்தால் குடியிருந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தான். "சரி, ரூம் வேணாம். ஆனா முன் கதவுக்குப் பின்னால ஒரு ஆணி செல்விக்குன்னு சொல்லி இவரு அடிச்சிட்டாரு. அத நான் புடுங்க மாட்டேன். வந்தா ஒங்க பேக்க அதுல மாட்டுங்க."

7

சனிக்கிழமை வீட்டுக் கம்பெனியின் காரியாலயத்துக்கு ஆரணியையும் கூட்டிக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த மனிதர் ஒரு படிவம் தந்தார். இந்த வீட்டில் தொடர்ந்து வசிக்க விரும்புகிறீர்களா? ஆம், இல்லை. இரண்டே கட்டம். மூன்றாவது கட்டம் இருந்தால் நான் அதில்தான் போட்டிருப்பேன், அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆரணி என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'ஆம்' என்பதில் புள்ளடி போட்டேன், கொஞ்சம் அழுத்தி, தாள் கிழியும் அளவுக்கு.

போகிற போக்கில், சுவரில் ஆணி அடிக்க அனுமதி எப்படி வாங்குவது என்று கேட்டேன்.

"தட்டு, படம், கொக்கி எல்லாம் தாராளமாகப் போடலாமே" என்றார் அவர். "முதல் நாள் தந்த கையேட்டிலேயே இருக்கிறதே."

அந்தக் கையேடு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. மேலிருந்து மூன்றாவது பெட்டியில், பிரிக்காமல்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ட்ரில்லை வெளியே எடுத்தேன். ரவி தேத்தண்ணீர்க் கோப்பையோடு வந்து நின்றார்.

"உண்மையாவோ?"

"உண்மையாத்தான். ஆரணி ரூம்ல."

ஏழு வருடம் காத்திருந்த மனிதர் சுவரில் பென்சிலால் மூன்று தரம் அளந்து குறித்தார். முதல் ஓட்டை கோணலாகப் போனது. இரண்டாவதும் கோணல்தான், ஆனால் கொக்கி இறுகிவிட்டது. அவர் அதைப் பிடித்துத் தொங்குவது மாதிரி இழுத்துக் காட்டினார். கட்டிலில் யானை மேல் வெள்ளைத் தூசி படிந்திருந்தது. ஆரணி அதை ஊதித் துடைத்துவிட்டு, தன் பள்ளிக்கூடப் பையைக் கொக்கியில் மாட்டினாள். விழுகிறதா என்று பக்கவாட்டில் நின்று பார்த்தாள். விழவில்லை. இன்னொரு பக்கம் போய் நின்றும் பார்த்தாள்.

நான் அவள் அலுமாரியின் காலி இடத்தைத் துடைத்தேன். இரண்டு புதுக் கேபிள் டைகளைக் கையில் எடுத்துக்கொண்டு, கதவடியில் துவாய் போர்த்தி இருந்த பெட்டியைக் காட்டினேன்.

"இதையும் எடுத்து மேல வச்சிருவமா, கண்ணு?"

ஆரணி பெட்டியைப் பார்த்தாள், கொக்கியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். தெளிவான தமிழில், என்னுடைய தமிழில் பதில் சொன்னாள்.

"இன்னும் இல்ல."

சிரித்த முகமாகத்தான் சொன்னாள்.